போன் காட்டும் வழி, வண்டி போகும் வழி: மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை கேம்பர் வானில் ஆறு நாள்

முதலாம் நாள் – மட்டக்களப்பு, கல்லடி

கேம்பர் வான் என்றால் வீடாக மாற்றிய வண்டி. இன்று ஓட்டம் இல்லை, அளவெடுப்பு மட்டும். வருகிற ஐந்து நாளில் முளைக்கக்கூடிய சிக்கல்களில் பாதி இந்த ஒரு காலைப்பொழுதிலேயே தீரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

கூகுள் மேப்ஸுக்கு உங்கள் வண்டி ஒரு சாதாரணக் கார். உயரம், அகலம், எடை எழுதிக்கொடுக்க அதில் இடமே கிடையாது. காபட் வீதியும் ஒன்பது அடிக் கொங்கிரீட் ஒழுங்கையும் அதற்கு ஒரே மாதிரிக் கோடுகள்தான். இரண்டு நிமிடம் மிச்சம் என்று கணக்கு வந்தால் ஒழுங்கைக்குள் திருப்பிவிடும். ஆகவே அளவுகள் சாரதியின் கண் முன்னால் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

உயரம்: உயர்கூரை ஹையேஸ் வான் வெறுமையாக 2.3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேலே சோலார் தகடும் காற்று விசிறி மூடியும் ஏறினால் 2.5ஐத் தொடும். ரோசா பஸ்ஸை வீடாக மாற்றியது என்றால் 2.7 அளவில் தொடங்கும், கூரையில் குளிரூட்டி இருந்தால் 3 வரை போகும். பட்டியலில் உள்ள இலக்கத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயரில் சரியான காற்று வைத்து, கூரையில் ஆக உயர்ந்த பொருளின் மேல் ஒரு நேரான பலகையை வெளியே நீட்டி வையுங்கள். மட்டக்கோலால் அதைச் சமப்படுத்தி, பலகையின் அடியிலிருந்து நிலம் வரை நாடா பிடிக்க வேண்டும். வந்ததோடு 10 சென்ரிமீற்றர் கூட்டி எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டி வெறுமையாகும்போது ஸ்பிரிங் நிமிர்ந்து வண்டி சற்று உயரும் என்பதற்காக.

அகலம் என்றால் உடலின் அகலம் அல்ல, இரண்டு பக்கக் கண்ணாடிகளின் வெளி ஓரங்களுக்கு இடைப்பட்டது. மேசனின் தூக்குக் குண்டை இரு ஓரத்திலும் தொங்கவிட்டு, நிலத்தில் விழும் இரு புள்ளிகளையும் அளந்தால் பிழைக்காது. 1.9 மீற்றர் அகல வான் கண்ணாடியோடு 2.2ஐத் தாண்டிவிடும்.

எடைக்கு அம்பாறைப் பக்கத்துப் பெரிய அரிசி ஆலைகள் உதவும். நெல் லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு அங்கே உண்டு. தண்ணீர், டீசல், எரிவாயு, ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் நிறுக்க வேண்டும். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ, 70 லீற்றர் டீசல் ஏறக்குறைய 60 கிலோ. வெற்று வானின் எடையை மனதில் வைத்துக்கொண்டு கிராமத்து மதகில் ஏறக் கூடாது.

செயலிகளில், வண்டியின் அளவுகளை எழுதிக்கொடுக்கக்கூடியது ஒஸ்மாண்ட். அது எவரும் பதிந்து திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுகிறது. ஆனால் ஒரு மதகின் எடை எல்லையையோ ஒரு வளைவின் உயரத்தையோ யாராவது அந்த வரைபடத்தில் பதிந்திருந்தால்தான் அதற்குத் தெரியும். பதிவு இல்லாத இடத்தை அது தடையில்லாத இடமாகவே எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் பார்க்கக் கூகுள், அளவு பார்க்க ஒஸ்மாண்ட். இரண்டிலும் கிழக்கு மாகாணம் அடங்கிய வரைபடத்தை இன்றே இறக்கிவிடுங்கள். ஜி.பி.எஸ். சைகைக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை.

மாலையில் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய லேடி மானிங் இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே வாவியைக் கடக்கின்றன. திறந்த வானத்தின் கீழ் போனின் துல்லியம் ஏறத்தாழ 5 மீற்றர். கிட்டக் கிட்ட ஓடும் இரு கோடுகளில் நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதை அது ஊகித்துத்தான் சொல்கிறது. அம்புக்குறி பழைய பாலத்தில் தெரிகிறதே என்று பிரேக் அடிக்க வேண்டாம். வீதிப் பலகையையும் முன்னால் போகும் பஸ்ஸையும் பாருங்கள்.

இரண்டாம் நாள் – காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மண்டூர்

கல்லடியிலிருந்து தெற்கே நிலம் ஒரு நாடாதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே ஏ4 பிரதான வீதி. வழி தவற இடமே இல்லாத நிலம் என்று தோன்றும். போனை நம்புகிறவர்கள் அதிகம் மாட்டுவதும் இங்கேதான்.

காத்தான்குடிப் பிரதான வீதியில், நடுவே ஈச்ச மரங்கள் நிற்கிற பகுதியில், பின்னேரம் நெரிசல் கூடும். கூகுள் உடனே கடற்கரை வீதியைக் காட்டும். கடற்கரை வீதி குறையில்லை. ஆனால் பிரதான வீதியிலிருந்து அங்கே போகும் ஒழுங்கைகள்தான் பொறி. இருபுறமும் மதில், வெளியே நீண்ட மாடி முகப்பு, குறுக்கே தாழ்வாகத் தொங்கும் வயர், ஓரத்தில் வடிகான் மேல் போட்ட கொங்கிரீட் மூடிகள். அந்த மூடிகள் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் போட்டவை. 3 தொன் வண்டியின் பின்சில்லு ஏறினால் மூடி உடைந்து சில்லு கானுக்குள் இறங்கும். திருப்பத்தில் முன்சில்லு ஒழுங்காகப் போனாலும் பின்சில்லு உள்வட்டமாக வெட்டி வரும் என்பதால் மூடியில் ஏறுவது எப்போதும் பின்சில்லுதான்.

இதற்கு முதல் நாள் இரவே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கூகுள் மேப்ஸில் செய்மதிப் படத்தை வைத்து, ஒழுங்கையின் வாயில் விரலை அழுத்திப் பிடித்து, 'தூரத்தை அள' என்பதைத் தெரிந்து, மதிலுக்கு மதில் கோடு போடுங்கள். கண்ணாடியோடு சேர்ந்த அகலத்துக்கு மேல் இரு புறமும் 60 சென்ரிமீற்றர் வேண்டும். 2.2 மீற்றர் வண்டிக்கு 3.4 மீற்றர். அதற்குக் குறைந்தால் அந்த ஒழுங்கை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீதிப் படம் இருக்கும் தெருவானால் அதையும் பாருங்கள், எடுத்த ஆண்டு மூலையில் இருக்கும். பல படங்கள் மிகப் பழையவை, அதற்குப் பிறகு மதில்கள் முன்னே வந்திருக்கும்.

திருப்பத்தைத் தவறவிட்டால் போன் வாய் மூடாது. அடுத்த ஒழுங்கை, அதற்கடுத்த ஒழுங்கை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நேரே போங்கள். பெரிய பள்ளிவாசல், பெற்றோல் செட், பாடசாலை மைதானம் என்று அகலமான முகப்பு வரும் வரை போய், அங்கே திரும்புங்கள். திரும்பும் ஆரம் 6 மீற்றருக்கு மேல் உள்ள வண்டியை இரு தட வீதியில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது.

ஊர்ப்பெயர்கள் அடுத்த குழி. பாலமுனை காத்தான்குடிக்கு அருகேயும் உண்டு, அட்டாளைச்சேனைக்கு அருகேயும் உண்டு. களுவாஞ்சிக்குடி தெற்கே, களுவன்கேணி வடக்கே. கிரான் ஏறாவூருக்கு அப்பால், கிரான்குளம் ஆரையம்பதிக்கு அப்பால். இரண்டு எழுத்து அடித்ததும் போன் தருகிற முதல் பெயரைத் தொட்டுவிட்டால் 40, 50 கிலோமீற்றர் எதிர்த்திசையில் ஓட நேரும். இடத்தை ஆயப்புள்ளியாக வாங்குங்கள். முதலில் வருவது அகலாங்கு, பிறகு நெட்டாங்கு. இந்தக் கரையில் முதல் எண் 6.6க்கும் 8.3க்கும் நடுவே இருக்கும், இரண்டாவது 81இல் தொடங்கும். மாற்றி அடித்தால் குறி வடதுருவத்துக் கடலில் போய் விழும், உடனே தெரிந்துவிடும்.

இன்றைய பெரிய விஷயம் மண்டூர். களுவாஞ்சிக்குடியிலிருந்து பார்த்தால் வாவிக்கு அக்கரையில் கைக்கெட்டும் தூரம். வரைபடத்தில் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்த் துறைக்கு ஒரு மெல்லிய கோடு. அது வீதி அல்ல, 'பாதை'. இந்தப் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வெளியூர்க்காரர் "மண்டூருக்குப் பாதை எங்கே?" என்று கேட்டால் துறையைத்தான் காட்டுவார்கள், அவர்கள் சொன்னதில் பிழை கிடையாது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் இதே கதை.

கேம்பர் வானுக்குரிய வழி களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலம், போரதீவு, வெல்லாவெளி, மண்டூர். அம்பிளாந்துறைக்கு ஆரையம்பதியில் திரும்பி மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை போய்ச் சேரலாம். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முந்திய வரைபடத்தைக் கொண்ட பழைய ஜி.பி.எஸ். கருவிகள் இன்னும் மிதவையைத் தேடும். செயலியின் வழித்தெரிவுகளில் 'படகுச் சேவையைத் தவிர்' என்பதைப் போட்டுவிடுங்கள். அதோடு பட்டிருப்புப் பாலத்தின் நடுவிலேயே ஒரு இடைநிறுத்தக் குறியையும் வையுங்கள். அப்போது போனுக்கு வேறு வழி தேட இடமில்லை. குறி சரியாகப் பாலத்தின் மேல் விழ வேண்டும். 30 மீற்றர் விலகினால் துறையடிக்கு இறங்கும் மண்பாதையை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் – கல்முனை, கிட்டங்கி, மாவடிப்பள்ளி, அம்பாறை

இன்றைய பதிவு முழுக்கத் தாம்போதி பற்றியது. இந்த மாவட்டங்களில் ஜி.பி.எஸ். செய்யக்கூடிய ஆக ஆபத்தான பிழை இதுதான்.

தாம்போதி என்பது வெள்ளம் மேலே ஓடட்டும் என்று தாழ்வாகக் கட்டிய வீதி. எட்டு மாதம் அது சாதாரண வீதி. ஐப்பசி கடைசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கி மேல்நிலத்துக் குளங்களின் வான்கதவுகள் திறந்ததும் அது ஆற்றின் பகுதி. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதி, காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் ஏ31 வீதியில் மாவடிப்பள்ளி, வடக்கே கிரான் – புலிபாய்ந்தகல் மூன்றும் மழைக்காலத்தில் மூடுகிறவை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் வவுணதீவுப் பக்கத்து உள்வீதிகளும் தண்ணீருக்குள்.

கூகுள் ஒரு வீதி மூடியதை அறிவது பெரும்பாலும் அதில் போன்கள் நகராமல் இருப்பதைக் கொண்டும் ஆட்கள் அறிவிப்பதைக் கொண்டும்தான். இரவில், ஆள் நடமாட்டமே குறைந்த வயல் நடுவில், அந்தச் செய்தி அதற்குப் போய்ச்சேர மணிக்கணக்காகும். ஏ31இல் நெரிசல் என்று சிவப்புக் கோடு வந்து, பக்கத்தில் கிட்டங்கி நீலமாகத் தெரிந்தால், அங்கே தண்ணீர் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

தண்ணீருக்குள் வண்டி என்ன ஆகிறது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். வான் 5.4 மீற்றர் நீளம், 1.9 மீற்றர் அகலம். அடிப்பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீற்றர். தரைக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி 18 சென்ரிமீற்றர் போல. தண்ணீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் 1 கன மீற்றர் நீரை வண்டி விலக்குகிறது, அதாவது 1 தொன் மேல்நோக்கித் தூக்கல். 3 தொன் வண்டி 48 சென்ரிமீற்றர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். அதற்கு முன்பே, 30, 35 சென்ரிமீற்றரில், சில்லுகள் தரையைப் பிடிக்கும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பக்கத்திலிருந்து தள்ளும் ஓட்டமோ உயரமான தட்டைச் சுவர் கொண்ட வீட்டு வண்டியைச் சிறிய காரை விடக் கூடுதலாகத் தள்ளும். முழங்காலுக்குக் கீழேதான் என்று சொல்லும் தண்ணீர் இந்த அளவுதான்.

2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உயிரிழந்தனர். பெரிய சில்லும் உயர்ந்த இயந்திரமும் கொண்ட வண்டியே நிற்க முடியாத ஓட்டம் அது. அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு சாரதியும் இதை அறிந்திருக்க வேண்டும்.

எனவே தண்ணீர் ஓடும் தாம்போதியில் கேம்பர் வானை இறக்காதீர்கள். எவ்வளவு ஆழம் என்ற கேள்விக்கே போக வேண்டாம். தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள், நடை வேகத்தில் நகர்ந்தால் அது ஓட்டம். மழைக்காலத்தில் புறப்படுமுன் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்ட அறிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கேட்கலாம்.

வழியில் கேட்கும்போது யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் "போகலாம்" என்றால் மோட்டார் சைக்கிள் போகலாம் என்று அர்த்தம். நெல் லொறிச் சாரதியிடமோ பஸ் நடத்துநரிடமோ கேளுங்கள். "வழி சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். "நாநா, இன்டைக்கு இந்தப் பக்கத்தால லொறி வந்ததா? தாம்போதிக்கு மேலால தண்ணி ஓடுதா?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். முஸ்லிம் ஊர் என்றால் "நாநா", தமிழ் ஊர் என்றால் "அண்ணே". கேள்வி அதேதான்.

சம்மாந்துறை தாண்டினால் வயல். சிறுபோக அறுவடை முடியும் இந்த நாட்களில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லும் கட்டையும் அடுக்கியிருக்கும். நெல்லின் மேல் ஏற்றக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் போகம், அதோடு சறுக்கும். நெடுக இப்படி இருந்தால் எதிரே வரும் லொறிக்கு ஒதுங்க இடமில்லை, போன் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையிலும் குளக்கட்டிலும் போன் காட்டும் குறுக்கு வழிகளை முற்றாக மறுத்துவிடுங்கள். நீர்ப்பாசனப் பராமரிப்புக்குப் போட்ட மண் கரை அது. ஈரத்தில் ஓரம் சரியும், திருப்ப இடம் கிடையாது, பின்னால் எடுத்தே வர வேண்டும்.

நான்காம் நாள் – அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில்

நல்ல காபட் வீதி. சொல்ல அதிகம் இல்லை. அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் தடம் மாறாமல் நேரே. கோயில் திருவிழாக் காலமானால் வீதிக்குக் குறுக்கே தோரணமும் மின்விளக்குச் சரமும் தொங்கும், கூரைப் பொருள்களைக் கவனியுங்கள். போனைக் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மாட்டினால் பகல் 12க்கும் 3க்கும் இடையில் சூடேறித் தானாக அணையும். குளிர்காற்று வாயின் முன்னால் மாட்டுங்கள்.

ஐந்தாம் நாள் – அறுகம்பை, பாணமை, உகந்தை

ஆங்கில எழுத்தில் பாணமையை அடித்தால் போன் நடு அமெரிக்க நாட்டுக்கு வழி தேடும். ஆயப்புள்ளி 6.76, 81.80 என்று அடியுங்கள். டீசலும் தண்ணீரும் பாணமைக்கு முன்பே நிரப்பி, பாணமையில் வரைபடம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, போனை விமானப் பயண நிலையில் போட்டு ஒரு முறை சோதியுங்கள். அதற்கு அப்பால் சைகை விட்டுவிட்டுத்தான் வரும்.

பாணமையைத் தாண்டினால் கிரவலும் மணலும். உகந்தை முருகன் கோயிலும் குமண வனப் பூங்காவின் வாசலும் அந்த வழியில். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் அங்கே நடக்கும் ஆடித் திருவிழாவுக்கு முன் இதே வழியால் போவார்கள். அப்போது வேகம் 15க்கு மேல் வேண்டாம்.

இங்கே போன் காட்டும் கிளைவழிகள் பல. உழவு இயந்திரமும் ஜீப்பும் போன தடம்தான் வரைபடத்தில் வீதியாகி இருக்கிறது. கடற்கரைக்கும் களப்போரத்துக்கும் இறங்கும் தடங்களில் மேற்பரப்பு ஓடு போல வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் கறுத்த சுரி. இறங்கி நடந்து பாருங்கள். குதிக்காலை ஊன்றி முழுப் பாரத்தையும் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பள்ளத்தில் அரை நிமிடத்துக்குள் நீர் கசிந்தால் அந்த இடம் வண்டிக்கு ஆகாது. தடியைக் குத்தினால் ஒரு சாணுக்குள் கடினமான தரை தட்ட வேண்டும்.

மணலில் புதைந்தால் முதலில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுழலச் சுழலச் சில்லு தனக்கே குழி தோண்டும். 50 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரை 30க்கு இறக்கி, சில்லுக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரி, பலகையோ தென்னோலையோ சாக்கோ நெருக்கமாகப் போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். வெளியே வந்ததும் காற்றை நிரப்பாமல் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதீர்கள், அதற்குக் காற்றுப் பம்ப் வண்டியில் இருக்க வேண்டும்.

பின்னேரம் 5க்குள் பாணமைக்குத் திரும்பிவிடுங்கள். யானை வெளியே வரும் நேரம். "14 நிமிடத்தில் சேர்வீர்கள்" என்று போன் சொல்வது யானையைச் சேர்க்காத கணக்கு.

ஆறாம் நாள் – லகுகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை, மகாஓயா, செங்கலடி

திரும்புவதற்குப் போன் கரையோர வீதியையே காட்டும். உள்வழி நீளம் என்றாலும் ஏ4, ஏ25, ஏ27, ஏ5 என்று எல்லாமே பிரதான வீதிகள். லகுகலைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் யானை நடமாடும், காலை 7க்கு முன் ஓட வேண்டாம். அம்பாறையிலிருந்து மட்டக்களப்புக்கு நேரே வடக்கே உள்வீதிகளால் போன் வழி சொல்லும், கிலோமீற்றர் குறைவு. மதகுகளின் எடை தெரியாததால் மகாஓயா சுற்றே நல்லது. புல்லுமலை, கரடியனாறு வழியாக வந்து செங்கலடியில் ஏ15ஐப் பிடிக்கலாம்.

செங்கலடியிலிருந்து வடக்கே வாழைச்சேனை வரை புகையிரதப் பாதை பிரதான வீதியோடு கூடவே வருகிறது. ஊருக்குள் இறங்கும் வீதிகளில் காப்பில்லாத கடவைகள் உண்டு, போன் அவற்றை எப்போதும் எச்சரிக்காது. தண்டவாளத்துக்கு அப்பால் உங்கள் வண்டியின் முழு நீளத்துக்கும் இடம் காலியானதைக் கண்ட பிறகே ஏறுங்கள். கடவை மேடாக இருந்தால் பின்பகுதி தட்டும், நேராகவும் மெதுவாகவும் கடந்தால் போதும்.

வழியில் அளந்தவற்றை இன்றிரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிகிறோம். வளைவுகளின் உயரம், ஒழுங்கைகளின் அகலம், பலகையில் எழுதியிருந்த மதகுகளின் எடை எல்லை, தண்ணீர் மேலே ஓடும் தாம்போதி என்ற குறி, மண்டூர்த் துறை மிதவை நாற்சில்லு வாகனங்களுக்கு அல்ல என்ற குறி. ஒஸ்மாண்ட் மாதம் ஒருமுறை வரைபடத்தைப் புதுப்பிக்கிறது. மாரிக்கு முன் இறக்கிக்கொள்ளுங்கள்.